பேடி எங்க இருக்கு?

அக்கா முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்தது ஒரு குக்கர் வாங்க. தக்கலையில் எங்களுக்குப் பாத்திரக்கடை. குக்கர் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பார்கள், கியாரண்டி கேட்பார்கள், கூட ஒரு கரண்டி சும்மா கிடைக்குமா என்று பார்ப்பார்கள். இவள் கேட்டது வேறு.

"இது வெடிச்சா மூடி எந்தப் பக்கமாட்டுப் போவும்?"

"வெடிக்காது அக்கா. நல்ல கம்பெனி."

"வெடிக்காதுன்னு எனக்கும் தெரியும். வெடிச்சா எந்தப் பக்கம்னு கேட்டேன்."

என் வீட்டுக்காரர் கல்லாவுக்குக் கீழே குனிந்துகொண்டு சிரித்தார். மேலே போகும் என்றேன். நேராக மேலேயா, சாய்ந்து மேலேயா என்றாள். கைப்பிடிப் பக்கம் நின்றால் என்ன ஆகும், எதிர்ப்பக்கம் நின்றால் என்ன ஆகும் என்று விசாரித்து, என் பொறுமையைச் சோதித்து, கடைசியில் உபரியாக இரண்டு வால்வும் வாங்கிக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்து யாருடையது என்று கேட்டாள். என்னுடையதுதான், காலையில் ஓட்டுவேன் என்றேன். "நானும் சவுட்டுவேன்" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து சேர்ந்தே ஓட்டினோம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அக்காவின் கண்ணுக்குப் பட்டப்பகலிலும் தெரியும். நாய், பாலம், லாரி, அடுப்பு, மின்விசிறியின் திருகாணி எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பாள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், இதை யார் படிப்பார்கள், படித்தால் என்ன ஆகும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நியூசிலாந்தில் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் முழுக்க யோசிப்பாள். அங்கே போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எனக்கு இப்போதும் ஏதாவது ஒன்றைத் தொடங்கப் பயமாக இருந்தால் அவள் ஞாபகம்தான் வருகிறது.

ஐம்பதைத் தாண்டியவள். ஒல்லி. வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக நெடுங்காலம் இருந்துவிட்டு இரணியலுக்குத் திரும்பியிருந்தாள். அண்ணன், அதாவது அவள் வீட்டுக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாத மனிதர். ஒரு வீட்டுக்கு வேண்டிய பதற்றத்தை ஒருத்தியே பட்டுத் தீர்த்துவிட்டால் மற்றவருக்கு என்ன வேலை?

நாற்பதைத் தாண்டிய எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் சைக்கிளே எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஒருவர் டிரையத்லான் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். இறங்கிய காலோடு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் நேரக்கெடு உண்டு. வடக்கே ஒரு கடற்கரை நகரத்தில் அடுத்த தையில் நடக்கிறது. நான் என்ன நினைத்தேனோ, பெயர் கொடுத்துவிட்டேன். அக்காவும் கொடுத்தாள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பெயர் கொடுத்த அன்று ராத்திரிதான் உறைத்தது. எனக்கு நீச்சல் தெரியும், சின்ன வயதில் குளத்தில் படித்தது. ஆனால் கால் எட்டாத இடத்துக்கு நான் போனதே கிடையாது. கடலில் நடுவில் நின்று மூச்சு வாங்க முடியாது. பிடித்துக்கொள்ளப் படி கிடையாது. ஓடும்போது முடியவில்லை என்றால் உட்காரலாம், சைக்கிளில் முடியவில்லை என்றால் இறங்கலாம். தண்ணீரில் முடியவில்லை என்றால் செத்துப்போவேன். அவ்வளவு எளிய கணக்கு. கடையில் அண்டாவுக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே விலை மறந்துபோகும்.

எங்கள் பக்கத்தில் பயத்துக்குப் பேடி என்பார்கள். பேடியாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும், "பேடிக்காத, ஒண்ணும் ஆவாது" என்பதுதான் பதில். அந்த வார்த்தையைக் கேட்டால் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

"எங்க இருக்கு?"

"என்னது?"

"பேடி. எந்த இடத்துல இருக்கு? வயித்துலயா, நெஞ்சுலயா? தொட்டுக் காட்டு."

வலி எங்கே என்று நோயாளியிடம் கேட்கிற அதே குரல். நான் முதலில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் அவள் அப்படித்தான் கேட்பாளாம். டாக்டர்கள் எல்லாம் கவலைப்படாதே என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். இவள் எங்கே என்று கேட்பாள். ஒரு கிழவர் பாதத்தில் என்று சொல்லியிருக்கிறார். மயக்கம் வருகிறவரை அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "பெறகு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "பெறகு ஆபரேஷன் பண்ணினாவ" என்றாள். அவர் பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்ட பிறகு அவள் வீட்டுக்கு நான் போக வேண்டும். மின்விசிறியின் கீழே பாய் விரித்து என்னைப் படுக்கச் சொல்வாள். பக்கத்தில் அவளும் படுத்துக்கொள்வாள். இதற்கு மனசுப் பயிற்சி என்று பெயர்.

"கண்ண மூடு. கடலுக்குள்ள எறங்கியாச்சு. சுத்தியும் ஆளு. ஒருத்தன் ஒன் மூஞ்சில சவுட்டிட்டான். நீச்சல் கண்ணாடி கழண்டு போச்சு. என்ன செய்வே?"

"தேடுவேன்."

"கடலுக்குள்ள கண்ணாடிய தேடுவியா? செத்தே. முதல்ல இருந்து வா."

மறுபடியும் கரையிலிருந்து தொடங்க வேண்டும். வாய்க்குள் உப்புத்தண்ணீர் போகும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சொறிமீன் வந்து கையைச் சுடும். அலை திசையை மாற்றிவிடும். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். மல்லாந்து கிடப்பேன், மூச்சு விடுவேன், கையைத் தூக்குவேன், காவல் படகு வந்தால் பிடித்துக்கொள்வேன். பதில் தப்பினால் சாவு. அண்ணன் பால் ஊற்றாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, "இண்ணைக்கு எத்தன மட்டம் செத்தா?" என்று கேட்பார். அக்கா கணக்குச் சொல்வாள்.

விளையாட்டுப் போலத்தான் தோன்றும். ஆனால் பாயில் கிடக்கும் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூடப் பயந்தேன். பயத்தைப் போக்க ஒருத்தியிடம் போய், இல்லாத பயத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிறேனோ என்று சந்தேகம் வந்தது. ஒருநாள் எரிச்சலில் கேட்டே விட்டேன்.

"ஒரு தடவையாவது ஜெயிச்சு முடிக்கிறத நெனைப்போம் அக்கா. எப்பவும் சாவுதானா?"

"நல்லது நடந்தா என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியாதா? பல்லக் காட்டிட்டு நிப்பே. அதுக்கு எதுக்குப் பழக்கம்?"

அவளுடைய ஜெபமும் அப்படித்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடினால், ஆண்டவருக்கே தோன்றாத ஆபத்துகளை எல்லாம் எடுத்துச் சொல்லி, இன்னின்னதிலிருந்து காத்தருளும் என்பாள். சோறு ஆறிவிடும். நான் அய்யாவழிக்காரி. எனக்கு "அய்யா உண்டு" என்ற இரண்டு சொல்லில் வேலை முடிந்துவிடும்.

நீச்சலுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது சானல். பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டால் எங்கள் பக்கத்து வாய்க்கால்கள் எல்லாம் கரை முட்ட ஓடும். ஒரு பாலத்தில் இறங்கி அடுத்த பாலத்தில் ஏறுவோம். முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, தலையில் ரப்பர் தொப்பி. துணி துவைக்கிற பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிறகு பழகிப்போயிற்று. வாரத்துக்கு வாரம் எங்கள் வேகம் கூடியது. போட்டியில் கொடுத்த நேரத்தில் பாதிகூட எங்களுக்குத் தேவைப்படாது போலிருந்தது. நான் வீட்டில் பாயசம் வைத்தேன்.

அக்கா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு லேசாட்டு இருக்கப்படாது, கேட்டியா? என்னமோ சரியில்ல."

"ஒங்களுக்கு நல்லது நடந்தாலும் பேடிதான்" என்றேன்.

ஒருநாள் நாங்கள் இறங்கும்போது ஒரு கதம்பையும் கூடவே வந்தது. உரித்துப் போட்ட தேங்காய் மட்டை. நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் அது பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அடுத்த பாலத்துக்கு எங்களுக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்தது. அக்கா படியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதம்பை பாலத்துக்கு அடியில் போவதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நாம நீந்தல்ல. நெல்லுக்கு விட்ட வெள்ளம் நம்மளக் கொண்டு வந்துருக்கு."

அணைத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பொம்பளைகளுக்கு இது இத்தனை மாதம் தோன்றவில்லை. ஓட்டத்துக்கு எதிராக நீந்திப் பார்த்தோம். மூச்சுத் திணறத் திணற நீந்திவிட்டு நிமிர்ந்தால் அதே துவைகல். "எக்கா, நீங்க இன்னும் போவலியா?" என்று அதே பெண் கேட்டாள். அக்காவுக்கு அதில் ஒரு சந்தோஷம், அவள் பயந்தது சரியாகிவிட்டதே. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எங்களுக்கு இருப்பதாக நான் நம்பிய பலம் எங்களுடையதே இல்லை.

மழை ஓய்ந்து கடல் அடங்கிய மார்கழியில் குளச்சலுக்குப் போனோம். ஒரு ஃபைபர் படகுக்காரரைக் கூட வரச் சொல்லியிருந்தோம். கரையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "எம்மா, மீனு வேணும்னா நாங்க கொண்டாந்து தருவோம்லா. நீங்க எதுக்கு உள்ள போறிய?"

நல்ல கேள்வி. கால் எட்டாத இடத்துக்குப் போனதும் எனக்கும் அதே கேள்விதான் தோன்றியது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். கீழே ஒன்றுமே தெரியவில்லை. பச்சை, அதற்குக் கீழே கறுப்பு. கறுப்பைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது. கத்தினேன். கத்தியதில் வாய்க்குள் தண்ணீர் போயிற்று. படகு எங்கே என்று தெரியவில்லை. பாயில் படுத்துக்கொண்டு சொன்ன பதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அக்காவின் முகம் பக்கத்தில் வந்தது. தொப்பியும் கண்ணாடியுமாக.

"எங்க இருக்கு?"

"அக்கா, சாவப்போறேன்..."

"அது பெறகு. எங்க இருக்கு சொல்லு."

"கழுத்துல."

"கழுத்துல மட்டுந்தானா? காலுல?"

யோசித்தேன். கடலின் நடுவில், உயிர் போகிற நேரத்தில், அவள் கேட்டாள் என்பதற்காகக் காலைப் பற்றி யோசித்தேன். காலில் இல்லை.

"காலுல இல்ல."

"அப்பம் காலு சும்மாதான இருக்கு. ஒதை."

உதைத்தேன். கழுத்தில் பயம் அப்படியே இருந்தது. ஆனால் அது கழுத்தில் இருந்தது, நான் முழுவதும் அதுவாக இல்லை. படகைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் போனோம். ஒவ்வொரு முறையும் எங்கே என்று கேட்டாள், ஒவ்வொரு முறையும் சொன்னேன். பயம் ஒருநாளும் போகவில்லை. அதன் விலாசம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒருநாள் படகில் திரும்பும்போது நான் கேட்டேன். "ஒங்களுக்கு எங்க இருக்கு அக்கா?"

"எனக்கா?" என்று கரையைப் பார்த்தாள். "ஒனக்குள்ளத பாக்கதுக்கே நேரம் சரியாப் போவுது." சிரித்தாள், நானும் சிரித்தேன்.

போட்டி நடக்கிற ஊருக்கு ரயிலில் போனோம். வழியெல்லாம் அவசரச் சன்னல் எங்கே, சங்கிலி எங்கே என்று பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் போட்டியன்று காலையில் பேச்சே இல்லை. என் தொப்பியைச் சரிசெய்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. வயது வாரியாகப் பிரித்து இறக்கினார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சிவப்புத் தொப்பி. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மஞ்சள், அவர்கள் எங்களுக்குப் பிறகு. எனக்கு என் பயமே கழுத்துவரை இருந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

ஒருத்தி முகத்தில் உதைத்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. மல்லாந்தேன், தண்ணீரைக் கொட்டினேன், மாட்டினேன், புரண்டேன். ஞாயிற்றுக்கிழமை போலவே இருந்தது. உப்பு குடித்து, திசை தப்பி, ஒருவழியாகக் கால் மணலில் பட்டது. கரையேறியதும் அழுகையும் சிரிப்புமாக வந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று சைக்கிளை எடுக்காமல் நின்றேன்.

மஞ்சள் தொப்பிகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் இல்லை. ஒரு வெள்ளை மீசைக்காரர் வந்தார். இரண்டு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண், நேரம் போகிறது, சைக்கிளை எடுங்கள் என்றாள். என் காதில் விழுந்தது, ஆனால் கால் நகரவில்லை. கடல் காலியாகிக்கொண்டிருந்தது. காவல் படகுகள் திரும்பத் தொடங்கின. ஒவ்வொரு படகாக எட்டிப் பார்த்தேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செத்திருக்கிறேன். அவள் சாவதை ஒருமுறைகூட நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அன்று அங்கே பயந்ததுபோல என் வாழ்நாளில் நான் பயந்தது கிடையாது. பயம் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது இல்லாத இடம் உடம்பில் ஒன்றுகூட இல்லை.

அண்ணனுக்கு என்ன சொல்லி போன் போடுவது என்று நினைத்துக்கொண்டே திரும்பியபோது, கயிறு கட்டிய வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். மஞ்சள் தொப்பி தலையில் இருந்தது. நனையவே இல்லை.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எளவு, இஞ்சயா நிக்கிறிய? நான் அங்க செத்துட்டு நிக்கேன். கூப்பிட்டா என்ன?"

"கூப்பிட்டேன் மக்கா. சத்தம் வரல்ல."

அவள் உதடு வெளுத்திருந்தது.

"ஒங்கூட எறங்கும்பம் எல்லாம் ஒனக்குள்ள பேடிய பாத்துட்டே எறங்கிருவேன். இண்ணைக்கு எனக்குள்ளது மட்டும் ஒத்தையிலே நின்னுது. காலை வைக்க முடியல்ல." பிறகு என்னைப் பிடித்துத் தள்ளினாள். "போ ஏட்டி. சைக்கிள எடு. நேரம் போவுது."

கோபத்திலேயே தொண்ணூறு கிலோமீட்டரையும் மிதித்தேன். ஓட்டத்தில் பாதி தூரம் கோபம் கூட வந்தது, மீதி தூரம் அதுவும் இல்லாமல் தள்ளாடினேன். கெடு முடிகிற நேரத்தில் கோட்டைத் தாண்டினேன். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். கூட்டத்தில் அவளைக் காணவில்லை.

நீந்த இறங்கிய இடத்துக்கே நொண்டிக்கொண்டு போனேன். கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சூரியன் இறங்கிவிட்டது. அக்கா கணுக்கால் அளவு தண்ணீரில் தனியாக நின்றாள், அதே உடையில். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஒரு அலை வரும்போது பின்னால் வைத்த காலை, அது போன பிறகு மறுபடியும் முன்னால் வைத்தாள்.

பக்கத்தில் போய் நின்றேன். ஒண்ணும் ஆகாது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அக்கா, எனக்குப் பேடியாட்டு இருக்கு. கூட வாறியளா?"

சட்டென்று திரும்பினாள். பதக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. கண்ணைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், என் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரலை வைத்தாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். முழங்கால். தொடை. ஒரு அலை எங்களைத் தூக்கி இறக்கியது. அவள் நிற்கவில்லை.

பொய்தான் சொல்லியிருந்தேன். கடலில் எனக்கு அப்போது பயமே இல்லை. ஆனால் இடுப்பளவுக்கு வந்ததும், ஓடிக் களைத்த என் கால் இரண்டும் மரத்துப்போயின. கீழே மணல் நகர்ந்தது. நாள் முழுக்க என்னைத் தூக்கிவந்த காலில் இப்போது பலமே இல்லை. இருட்டுகிற தண்ணீரில் நான் நிற்கவே முடியாமல் அவள் தோளைப் பற்றிக்கொண்டேன்.

"அக்கா, இப்பம் உண்மையிலேயே பேடியா இருக்கு."

"தெரியும்" என்றாள். "கரையில நிக்கும்பம் ஒனக்கு அது இல்ல. இப்பந்தான் வந்துருக்கு. பிடிச்சுக்கோ."

என் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு அடி உள்ளே வைத்தாள்.